இன்னும் கொஞ்சம் பள்ளத்துப் பக்கம்

அத்தியாயம் 17

சண்டை போட்டுக்கொண்டவர்கள் கொழும்பில் இருந்தார்கள். வயிறு எரிந்தது பன்விலவில் இராஜேஸ்வரிக்கு.

டிஷ் கம்பனிக்கும் விளையாட்டுச் சேனல்காரர்களுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கிற பேச்சும் முறிந்து, செவ்வாய்க்கிழமை காலையில் சேனலையே தூக்கிவிட்டார்கள். அந்த இலக்கத்தை அழுத்தினால் இப்போது நீலத் திரைதான். நடுவில் மூன்று மொழிகளிலும் ஓர் அறிவித்தல். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். வருத்தத்தைத் தமிழில் எழுதும்போதாவது பிழையில்லாமல் எழுதியிருக்கலாம்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்த இளசுகள் கம்பனிக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். சிங்களத்துக்கு ஒன்றை அழுத்து, தமிழுக்கு இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பாட்டுப் போட்டார்கள். பக்கத்து வீட்டுச் சேதுராமன் பாட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் அதே பாட்டு மறுபடி தொடங்கியபோது போனைக் கட்டிலில் வீசியெறிந்தார். போனிலேயே பார்க்கலாமென்றால் அந்த ஆப்பும் அதே கம்பனிக்காரனுடையது.

அவர்களுக்கெல்லாம் மேட்ச் போய்விட்டதே என்ற ஆத்திரம். யார் ஜெயித்தால் இராஜேஸ்வரிக்கு என்ன? அவள் பார்க்க நினைத்தது கூட்டத்தை.

வாசகர்களுக்கு நினைவிருக்கும். தேயிலைத் தொழிற்சாலை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கண்டியில் லெதர் போலில் கிரிக்கெட் விளையாடப் போனான் என்று, மகன் தினேஸின் கிரிக்கெட் மட்டையை இராஜேஸ்வரியின் புருஷன் லெட்சுமணன் தூக்கி அடுப்பில் வைத்தார். மட்டை எரிந்து முடிவதற்குள் மகன் படியிறங்கிவிட்டான். அன்று அடைமழை. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. பொலிஸில் என்ட்ரி போட்டும் தகவல் இல்லை. மாதக்கணக்காகிவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான், பன்வில டவுனில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஸீன் நானா ஒரு வார்த்தை சொன்னார். பல்லேகலையில் நடந்த முதல் மேட்ச்சை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, மைதானத்துப் புல் மேட்டில் தினேஸ் நின்றதைக் கண்டாராம்.

இரண்டாவது மேட்ச்சும் அதே மைதானத்தில், இந்த ஞாயிற்றுக்கிழமை. மகன் முகத்தை இன்னொரு தடவை திரையில் கண்டுவிட்டால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நெஞ்சு ஆறும் என்று தாய் காத்துக்கிடந்தாள். ஞாயிறு வந்தபோது சேனல் இல்லை.

"நேரா கிரவுண்டுக்கே போயிருவோமேப்பா" என்று மகள் நிலூஷா சொல்லிப் பார்த்தாள்.

"யாரும் போகக் கூடாது" என்றார் லெட்சுமணன். "தானாப் போனவன் தானா வரணும். நாம போயி கால்ல விழுறதா?"

தோட்டத்து லொறி ஓட்டி ஓய்ந்தவர் அவர். ரிவர்ஸ் கியரே இல்லாத மனுஷன் என்று லயத்தில் கேலி பேசுவார்கள். வீட்டில் அந்தக் கேலிக்கு யாரும் சிரிப்பதில்லை.

* * *

நிலூஷாவுக்குக் கண்டியில் மருந்துக் கடையொன்றில் வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்று காலை சாமான் வாங்க டவுனுக்குப் போனவள், ரஸீன் நானாவின் கடை வாசலில் நின்றாள்.

"நானா, மெய்யாவே தம்பியத்தான் பாத்தீங்களா?"

ரஸீன் நானா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அல்லாஹ்வுக்காகச் சொல்றேன் தங்கச்சி, பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போவுது? எல்லாரும் பந்தப் பாக்குறாங்க. அவர் மட்டும் கெமராவப் பாக்குறாரு. அதாலதான் எனக்குச் சட்டுண்டு பட்டது."

"இன்னிக்கு எங்கயாவது பாக்க ஏலுமா?"

"டிஷ்ல தலைகீழா நிண்டாலும் ஏலா. எங்கட கடையிலயும் அதே கம்பனிதான், அன்டெனாவக் கழட்டி வருஷமாவுது. ஆனா சாதாரண அன்டெனாவுக்கு இன்னொரு சேனல்ல மேட்ச் போவுது." அவர் தாடியைச் சொறிந்தார். "ஒங்கட பள்ளத்துக்கு அது புடிக்குமோ தெரியா. ஹந்தானை டிவி கோபுரத்துக்கும் ஒங்களுக்கும் நடுவுல மலையெல்லோ நிக்குது. பழைய அன்டெனா கெடக்கா?"

கிடந்தது. லயத்துக்குப் பின்னால் மூங்கில் கம்பத்தின் உச்சியில் இன்னும் இருந்தது. டிஷ் வந்த நாளிலிருந்து அந்தக் கம்பத்தில் உடுப்புக் கொடி கட்டியிருந்தார்கள்.

* * *

வீடு திரும்பியபோது லயம் வெறிச்சோடிக் கிடந்தது. வேறு கம்பனி இணைப்புள்ள வீடு ஏதாவது அகப்படாதா என்று சேதுராமன் தலைமையில் பெரியவர், சிறியவர் எல்லாரும் ஒரு லொறியில் ஏறி வத்தேகமப் பக்கம் போயிருந்தார்களாம். பெண்கள் பாதிப் பேர் கோயிலில். லெட்சுமணன் விறகு பொறுக்கப் போயிருந்தார். நாய்கள்கூட ஏனோ குரைக்கவில்லை. கூரைகளின் மேல் வட்ட வட்டமாக டிஷ்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பகல் சோறு முடிவதற்குள் மூடுபனி சூழ்ந்துவிட்டது. லயத்துக்குக் கீழேயுள்ள பள்ளத்திலிருந்து பனி மேலேறுவது எப்போதும் நடப்பதுதான். ஆனால் அன்று அது ஏறிய விதம் நிலூஷாவுக்குப் பிடிக்கவில்லை. மேட்ச் தொடங்குகிற நேரமாகப் பார்த்து வந்தது போலிருந்தது.

"அம்மா, நீ உள்ள டிவிகிட்ட நில்லு. நான் திருப்புறேன். வந்துச்சுன்னா கத்து."

அன்டெனா திருப்புவதற்கென்று ஒரு முறை உண்டு. அந்தக் காலத்தில் இதைச் செய்யாத வீடு மலையில் இருந்திருக்காது. ஒருவர் வெளியே நின்று கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உள்ளே திரையைப் பார்த்துக் கத்த வேண்டும். வெளியே நிற்பவருக்குத் திரை தெரியாது, குரல்தான் கண். குரல் சொல்கிறபடி கை திரும்பும், கையோடு வாயும் 'இந்தா' என்று பதில் சொல்லும். பதில் சொல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் காது கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் பலமாகக் கத்துவார்.

நிலூஷா சமையலறைக்குப் பின்னாலிருந்த மண் மேட்டில் ஏறினாள். கொடியை அவிழ்த்துப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்தாள். ஈரத்தில் அது வழுவழுத்தது.

"இப்ப?"

"வரல்ல!" என்றாள் அம்மா உள்ளிருந்து.

ஹந்தானை இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாள்.

"இப்ப?"

"சத்தம் மட்டும் கொரகொரன்னு கேக்குது. படம் இல்ல!"

இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கை வலித்தது. பனி இப்போது கூரைத் தகரம் தெரியாத அளவுக்கு அடர்ந்துவிட்டது. அம்மாவின் குரல் சற்று நேரமாகக் கேட்கவில்லை.

"இப்ப வருதா?" என்று கத்தினாள்.

"நிலூக்கா..."

"இந்தா!"

"இன்னும் கொஞ்சம் பள்ளத்துப் பக்கம்."

அவள் திருப்பினாள்.

"இன்னும்."

"இந்தா, திருப்புறேன்."

"ம்... அதுதான். போதும். கைய எடு."

கையை எடுத்தாள். எடுத்த கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. உலகத்தில் அவளை நிலூக்கா என்று கூப்பிடுகிறவன் ஒருவன்தான்.

மேட்டிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் சிராய்த்தது பிறகுதான் தெரிந்தது. பின்கதவு உள்ளே கொண்டி போட்டிருந்ததால் லயத்தைச் சுற்றி ஓடி முன்வாசல் வழியாக உள்ளே போனாள். முன்னறையில் யாரும் இல்லை. கதிரைகள் காலியாக இருந்தன. சமையலறையில் யாரும் இல்லை. தினேஸின் சின்ன அறை வெளியே கொண்டி போட்டபடியே இருந்தது.

டிவியில் பச்சைப் பசேலென்று மைதானம் தெரிந்தது.

"அம்மா!"

"இங்கடி! பீலியில தண்ணி வந்திருச்சு, ரெண்டு குடம் புடிச்சிட்டு வாறதுக்குள்ள என்னா கத்துற?" இராஜேஸ்வரி குடத்தோடு கீழ்ப்படியிலிருந்து ஏறிவந்தாள். திரையைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. "அட, வந்திருச்சே! நான் இல்லாமலே எப்படிடி சரியா வச்ச?"

நிலூஷா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருப்பாள். வாயில் வந்தது உண்மைதான்.

"தம்பி சொன்னான்மா."

குடம் தரையில் இறங்கியது. "எந்தத் தம்பி?"

"தினேசு. உள்ளேருந்து. நிலூக்கான்னு கூப்பிட்டான்."

இராஜேஸ்வரி அறையையும் வாசலையும் பார்த்தாள். அப்புறம் மகள் முகத்தைப் பார்த்தாள். "எத்தன தரம் கூப்பிட்டான்?"

"ஒருதரம்தான்."

"நீ பதில் சொன்னியா?"

"சொன்னேன்மா. அன்டெனா திருப்பையில சொல்லாம எப்படி?"

மலையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனி மூடிய நேரத்தில் ஆள் தெரியாமல் குரல் கேட்டால் மூன்று தரம் கூப்பிடும்வரை வாயைத் திறக்கக் கூடாது. உயிருள்ளவர்கள் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மற்றவர்களால் ஒரு தரத்துக்கு மேல் கூப்பிட முடியாது. சின்ன வயதிலேயே சொல்லிச் சொல்லி வளர்த்த விஷயம். கம்பத்தைப் பிடித்த கைக்கு அது மறந்துபோயிற்று.

இராஜேஸ்வரி சத்தம் போட்டு அழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எம்புள்ள போயிட்டானா?" என்றாள் மெதுவாக.

"ஐயோ, அப்படிச் சொல்லாதம்மா. காத்துல ஏதோ கேட்டிருக்கும். இந்தா டிவி தெரியுதுல்ல? பாப்போம். கூட்டத்தக் காட்டுவாங்க. அவன் அங்கதான் நிப்பான். ரஸீன் நானா பாத்தாரே!"

தாயின் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தாள். தம்பியை அந்தத் திரையில் கண்டே ஆக வேண்டும் என்று இப்போது தாயைவிட அவளுக்குத்தான் தவிப்பாக இருந்தது. அவன் பல்லேகலையில் நின்றால், இங்கே கூப்பிட்டது அவன் இல்லை.

* * *

விறகுக் கட்டோடு வந்த லெட்சுமணன் வாசலிலேயே நின்றுவிட்டார். திரையைப் பார்த்தார். பெண்கள் இருவரின் முகத்தைப் பார்த்தார். கட்டை இறக்கிவிட்டு, பார்க்காதவர் போல் ஓரக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

படம் தெளிவுதான். ஆனால் எல்லாம் இரட்டையாக இருந்தது. பந்து போடுகிறவனுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொருவன் ஓடினான். விக்கெட் ஆறு குச்சியாகத் தெரிந்தது. நடுவருக்குக்கூடத் துணை கிடைத்திருந்தது.

"என்னாப்பா இது?" என்றாள் நிலூஷா.

"நெழல் விழுது. கோபுரத்துலருந்து நேரா வாறது ஒண்ணு, மலையில பட்டுத் திரும்பி வாறது ஒண்ணு. முந்தியும் இப்படித்தான் தெரியும்." சொல்லிவிட்டுத்தான் மேட்ச் பார்ப்பதை ஒப்புக்கொண்டுவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. கனைத்துக்கொண்டார்.

ஓவர்கள் போயின. கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள். ஒரு சிக்சருக்குப் பிறகு காட்டினார்கள், கொடியும் தாரை ஊதுகிறவர்களும்தான். ஒரு குழந்தையைக் காட்டினார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரரை ஐஸ்கிரீமோடு நெடுநேரம் காட்டினார்கள். இராஜேஸ்வரி அந்த மனிதரைச் சபித்தாள்.

பிறகு பல்லேகலையில் மழை வந்தது. விளையாட்டு நின்றது. பிட்சை மூடினார்கள். வர்ணனைக்காரர் சிங்களத்தில் ஏதேதோ பேசி நேரத்தை ஓட்ட, கெமரா மெல்ல மெல்லப் புல் மேட்டின் பக்கம் நகர்ந்தது. குடைகள் தெரிந்தன. தலையில் பொலித்தீன் போட்டவர்கள் தெரிந்தார்கள். ஓடுகிறவர்கள், ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், எல்லாரும் இரண்டிரண்டாக.

கெமரா ஓர் இடத்தில் நின்றது.

"அந்தா!" என்று இராஜேஸ்வரி பாய்ந்து எழுந்தாள். "அந்தா எம்புள்ள! அதே நீலச் சட்ட! போன அன்னிக்குப் போட்டிருந்தது! ஏங்க, பாத்தீங்களா? உசுரோட இருக்கான்! மகமாயி, எம்புள்ள உசுரோட இருக்கான்!"

தினேஸ்தான். சந்தேகமே இல்லை. கன்னத்து மச்சம்வரை தெரிந்தது. குடையில்லாமல் நேராக நின்று, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

இராஜேஸ்வரி கண்ணைத் துடைத்தாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல் வாசலுக்கு ஓடி, கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்களைக் கூவி அழைத்தாள்.

நிலூஷா தரையிலிருந்து எழும்பவில்லை. அந்தப் பத்து எண்ணும் நேரத்தில் அவள் இன்னொன்றையும் பார்த்துவிட்டாள். அவனுக்கு இந்தப் பக்கம் நின்ற கிழவருக்கு அந்த மங்கல் நிழல் இருந்தது. அந்தப் பக்கம் குடை பிடித்த பெண்ணுக்கு இருந்தது. குடைக்கும் இருந்தது. நடுவில் அவன் மட்டும் ஒற்றையாக நின்றான்.

மெல்லத் திரும்பினாள். அப்பா திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் பாத்தியா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"அம்மாகிட்டச் சொல்லாத."

* * *

லெட்சுமணன் எழுந்து வீட்டின் பின்னால் போனார். நிலூஷாவும் போனாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. அவர் மேட்டில் ஏறி, அன்டெனாவை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"கோபுரம் இருக்கிறது அங்குட்டு" என்று ஹந்தானைப் பக்கம் கையைக் காட்டினார். "இது மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் பள்ளத்தப் பாத்து நிக்குது. இப்படி வச்சா படமே வராதே. யாரு இப்படித் திருப்பச் சொன்னது?"

அவள் சொன்னாள். குரல் கேட்டதையும், அது சொன்னதையும், தான் பதில் கொடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. அன்டெனா நீட்டிக்கொண்டிருந்த திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை கீழே இறங்கும். வத்தேகமவுக்குக் குறுக்கு வழி. இப்போது அதில் யாரும் நடப்பதில்லை.

"அவன் போன அன்னிக்கு அந்தி பஸ் மழையில வரவேயில்லைன்னு பொறவு சொன்னாங்க" என்றார் லெட்சுமணன். "நான் காதுல வாங்கல. பஸ் இல்லாட்டி இந்தக் குறுக்கு வழியத்தான் புடிச்சிருப்பான். அந்த மழையோடதான் இந்த வழியில மண்ணு சரிஞ்சு அடைஞ்சு போச்சு. தோட்டம் முழுக்க எங்கெங்கயோ சரிஞ்சதால இத யாரும் பெருசா எடுக்கல. நானும் எடுக்கல."

"அப்பா..."

"தானா வரணும், தானா வரணும்னு வீம்பு புடிச்சுக்கிட்டுக் குந்தியிருந்தேனே" என்றார் அவர். "வர முடியாமக் கெடக்கிறானோ என்னமோ எம்புள்ள."

நிலூஷா அப்பாவின் தோளைப் பிடித்தாள்.

அதற்குள் இராஜேஸ்வரி சமையலறைப் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் குடை. கண்ணீரும் சிரிப்புமாக இருந்தாள். "இன்னும் என்னா யோசிக்கிறீங்க? ஒங்க வீம்பெல்லாம் அப்பறம் வச்சுக்கலாம். மேட்ச் முடியிறதுக்குள்ள போயி மகனக் கையோட கூட்டிட்டு வாங்க. பஸ்ஸ விட்றாதீங்க!"

லெட்சுமணன் குடையை வாங்கிக்கொண்டார். "கூட்டிட்டு வாறேன் ராஜி" என்றார். அவர் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அவள் வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள்.

கதவு சாத்தும்வரை அவர் நின்றார். பிறகு குடையைச் சுவரில் சாத்திவிட்டு, விறகுக் கொட்டிலுக்குள் குனிந்து மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டார். மேலே பஸ் ரோட்டுக்குப் போகிற படிகளை விட்டுவிட்டுப் பள்ளத்தை நோக்கி நடந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் பனி அவரை இடுப்புவரை எடுத்துக்கொண்டது.

சமையலறையில் அரிசி களைகிற சத்தம் கேட்டது. நாலு பேருக்கு உலை வைக்கிறாள்.

"நிலூ, அப்பாவுக்கு பஸ் கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சும்மா" என்றாள் நிலூஷா. சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்து, அப்பா போன வழியில் இறங்கினாள்.